அவரவர் நற்குணத்தில் ஒளிந்திருக்கும் பேராசை

அப்பா காலமாகிச் சில வாரங்கள் கழித்து, அக்காவும் தம்பியும் நானும் அவர் விட்டுச் சென்றவற்றைப் பிரித்துக்கொள்ள உட்கார்ந்தோம். நிலத்தையும் வங்கிச் சேமிப்பையும் பற்றிப் பேசும்போது எங்கே மனம் கசந்துவிடுமோ என்று மூவருமே உள்ளூர அஞ்சியிருந்தோம். ஆனால் அந்தப் பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது; மூன்றால் வகுத்தோம், கையெழுத்திட்டோம். மனத்தாங்கல் வந்தது கூடத்துச் சுவரில் தொங்கிய கடிகாரத்தால்தான். சாவி கொடுத்தால் ஓடுகிற, பெண்டுலம் வைத்த, கண்ணாடிக் கதவின் ஓரத்தில் விரிசல் விழுந்த பழைய கடிகாரம் அது. விற்கப் போனால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா முக்காலி போட்டு ஏறி அதற்குச் சாவி கொடுப்பார். சிறுமியாக இருந்த அக்கா கீழே முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"அந்தக் கடிகாரத்தை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?" என்று அக்கா கேட்டாள். அதுவரை அந்தக் கடிகாரத்தைப் பற்றி ஒரு முறைகூட நினைத்துப் பார்த்திராத நான், மறுகணமே, "கடைசி வரைக்கும் அப்பாகூட இருந்தது நான்தானே" என்றேன். அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, சமையலறைப் பாத்திரங்களை எண்ணப் போய்விட்டாள். கடிகாரத்தைப் பழைய போர்வை ஒன்றில் சுற்றி எடுத்து வந்தேன். பதினோரு ஆண்டுகளாக அது அதே போர்வையில், அதே முடிச்சோடு, என் வீட்டுப் பரணில் கிடந்தது.

சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்த மூட்டை கையில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து பேராசை என்ற சொல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேராசைக்காரர் என்று நான் யாரையெல்லாம் மனத்தில் வைத்திருந்தேனோ அந்த வரிசையில் என்னை ஒருபோதும் நிறுத்தியதில்லை. பணத்தில் எனக்குப் பெரிய நாட்டமில்லை. பிறர் காசில் ஒரு பைசா எடுத்ததில்லை. ஆனாலும் அன்று கூடத்தில் என் வாயிலிருந்து வந்தது பேராசையின் குரல்தான். அது பாசத்தின் சொற்களைப் பேசியதால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சமூகத்தில் மனிதருக்கு மனிதர் பேராசை வேறுபட்டுத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொருவரும் தம்மிடம் எந்த நற்குணம் இருப்பதாக நம்புகிறார்களோ அந்த நற்குணத்தின் சொற்களையே அவர்களுடைய பேராசையும் எடுத்துக்கொள்கிறது. சிக்கனக்காரரிடம் அது முன்யோசனையாகப் பேசுகிறது. பெற்றோரிடம் அக்கறையாக, அநீதி இழைக்கப்பட்டவரிடம் நியாயமாக, தொழில் நடத்துபவரிடம் வளர்ச்சியாக, ஆட்சி செய்பவரிடம் மக்கள் நலனாகப் பேசுகிறது.

தமிழில் இதற்கு இருக்கிற சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். கிடைக்க வழியில்லை என்று தெரிந்தும் விட முடியாமல் பிடித்துக்கொண்டிருப்பது நப்பாசை. கையில் இருப்பதைத் தானும் துய்க்காமல் பிறருக்கும் கொடுக்காமல் பூட்டி வைப்பது உலோபம். பிறருக்கு உரிய பொருளின் மீது கண் வைப்பது வெஃகுதல். திருக்குறள் இவற்றை ஒரே அதிகாரத்தில் போட்டு அடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். வெஃகாமை என்ற 18ஆம் அதிகாரம் இல்லறவியலில் வருகிறது. அவா அறுத்தல் என்ற 37ஆம் அதிகாரம் துறவறவியலில் வருகிறது. ஈட்டிய செல்வம் யாருக்கும் பயன்படாமல் கிடப்பதைப் பேசும் நன்றியில் செல்வம் 101ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் வருகிறது. குடும்பத்தில் வாழ்பவருக்கு ஓர் எச்சரிக்கை, துறந்தவருக்கு வேறோர் எச்சரிக்கை, செல்வம் படைத்தவருக்கு இன்னோர் எச்சரிக்கை. துறவியிடம் போய்ப் பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்று மட்டும் சொன்னால் போதாது. எல்லாவற்றையும் விட்டவரிடமும், விட்டேன் என்ற பெருமைக்கான ஆசை மிஞ்சியிருக்கக்கூடும். மண், பொன், பெண் என்று மூவாசைகளை அடுக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஆண்களின் இடத்திலிருந்து மட்டுமே எழுதப்பட்ட அந்தப் பட்டியலில் பெண் ஒரு பொருளாகிவிட்டாள் என்பதோடு, அதிகாரமும் புகழும் விடுபட்டும் போயின. யார் பட்டியல் போடுகிறாரோ அவருடைய ஆசைதான் பட்டியலில் இருக்கும். அவர் கண்ணுக்குத் தெரியாதது விடுபட்டுவிடும்.

எல்லாரும் எளிதில் கண்டுபிடித்துவிடுகிற பேராசை, இல்லாமையை அனுபவித்தவருடையது. பசித்து வளர்ந்த ஒருவர் விருந்தில் தட்டு நிறைய அள்ளி வைத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் கண் உடனே அங்கே போகும். எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி நூல் துண்டு, காலிப் புட்டி, கிழிந்த உறை எதையும் எறியமாட்டார். அவருடைய கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டிகள் மூன்று இருந்தன. ஒரு முறை அவர் ஒன்றைத் திறந்தபோது பார்த்தேன். கைமுட்டி அளவுள்ள நூல் உருண்டைகள், நிறவாரியாக, வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் உருண்டையும் பல பார்சல்களிலிருந்து அவிழ்த்த கயிறுகளை முடிச்சுப் போட்டுச் சேர்த்தது. "வேணும்னு வரும்போது யார்கிட்ட போய் நிக்கறது?" என்றார். அவருடைய வீட்டார் அதைப் பேராசை என்று சொல்லிச் சலித்துக்கொண்டார்கள். நான் அதைப் பேராசை என்று சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் யாரிடமோ போய் நின்று, வெறுங்கையோடு திரும்பி வந்த நினைவு அந்த உருண்டைகளுக்குள் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. பொருள்களை விட்டுப் பிரிய முடியாமல் சேர்த்துக்கொண்டே போகும் நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் வகைப்பாட்டு நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் தனிக் கோளாறாகவே பிரித்து வைத்தது. அந்த மூதாட்டிக்கு அப்படி எந்தக் கோளாறும் இருந்ததாக நான் சொல்லவில்லை. சேர்த்து வைப்பவர் எல்லாரையும் ஒரே சொல்லால் அடிப்பது பிழை என்பதை மருத்துவமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அச்சத்திலிருந்து பிறப்பது என்பதாலேயே எல்லாச் சேமிப்பும் மன்னிப்புக்கு உரியதாகிவிடாது. 2020 மார்ச்சில் கொரோனா தொற்று பரவியபோது பல நாடுகளில் கழிவறைக் காகிதமும் கைச் சுத்திகரிப்பானும் கடை அலமாரிகளிலிருந்து ஓரிரு நாட்களில் மறைந்தன. ஆலைகள் உற்பத்தியை நிறுத்திவிட்டதாலோ நோய்க்கு அந்தக் காகிதம் மருந்தாகும் என்பதாலோ இது நடக்கவில்லை. மற்றவர்கள் வாங்கிவிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்; நினைத்ததாலேயே மற்றவர்கள் வாங்கினார்கள். வண்டி நிறைய அள்ளிக்கொண்டு போனவரிடம் கேட்டிருந்தால் என் குடும்பத்துக்காக என்றுதான் சொல்லியிருப்பார், அது பொய்யும் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவருக்கும் ஒரு குடும்பம் உண்டு என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அடுத்த ஆண்டு நாடுகளே அந்த வரிசையில் நின்றன. செல்வ நாடுகள் சில தங்கள் மக்கள்தொகைக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு தடுப்பூசிகளை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து வைத்திருந்தன. ஏழை நாடுகள் பலவற்றில் அதே நேரத்தில் மருத்துவமனைச் செவிலியருக்குக்கூட ஊசி கிடைக்கவில்லை. தன் மக்களைக் காப்பது ஓர் அரசின் கடமை. அந்தக் கடமை எந்த எண்ணிக்கைக்கு மேல் பேராசையாக மாறியது என்று எந்த அமைச்சரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கட்டாயம் வரவில்லை, ஏனென்றால் கடமை என்ற சொல் கையில் இருந்தது.

இனி, வாழ்க்கையில் ஓரளவு நிலைபெற்றவர்களின் பேராசைக்கு வருகிறேன். இங்கே அச்சத்தை விட ஒப்பீடுதான் வேலை செய்கிறது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதபோது பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கிறோம். நான் கடிகாரத்தைக் கேட்டதும் அப்படித்தான். அக்கா கேட்டிராவிட்டால் அது ஏதாவது பழைய சாமான்காரர் கைக்குப் போயிருக்கும். அறிவு இதற்குக் காப்பு ஆகாது என்பதற்கு ஐசக் நியூட்டனை விடப் பெரிய சான்று தேவையில்லை. 1720இல் லண்டனில் சவுத் சீ கம்பெனியின் பங்குகள் ஏறத் தொடங்கியபோது அவருக்கு 77 வயது. அரசு நாணயச் சாலையின் தலைவராக இருந்தார், பணத்தின் கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. பங்குகளை வாங்கி, நல்ல லாபத்துக்கு விற்று, வெளியேறியும் விட்டார். ஆனால் அவர் விற்ற பிறகும் விலை ஏறிக்கொண்டே போனது, சுற்றியிருந்தவர்கள் பணக்காரர்களாகிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் உச்சத்தை நெருங்கிய விலையில் மீண்டும் வாங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பங்குகள் சரிந்து பெருந்தொகையை இழந்தார். முதல் முறை அவர் வாங்கியதில் பேராசை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் முறை வாங்கியபோது அவருக்குத் தேவையாக இருந்தது பணமா, அல்லது தான் மட்டும் பின்தங்கிவிடக் கூடாது என்ற ஆறுதலா என்பதுதான் கேள்வி.

ஏமாற்றுக்காரர்கள் இதை மற்ற எவரையும் விட நன்றாக அறிந்திருக்கிறார்கள். எந்த மனிதரிடம் பேராசை எந்த வேடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுடைய தொழிலே. 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி 45 நாட்களில் 50 விழுக்காடு லாபம் தருவதாக அறிவித்தார். சர்வதேச அஞ்சல் பதில் கூப்பன்களை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றுவதால் வரும் லாபம் என்று விளக்கம் சொன்னார். உண்மையில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பணம்தான் முன்னால் சேர்ந்தவர்களுக்கு லாபமாகப் போனது. சில மாதங்களில் எல்லாம் சரிந்தது. பொன்சியிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த எளியவர்கள், குடியேறி வந்தவர்கள். அவர்களுக்கு ஒரே தாவலில் மேலே போக வேண்டியிருந்தது, அதனால் அவர் வேகத்தை விற்றார்.

பெர்னார்டு மேடாஃப் நடத்தியதும் அதே முறைதான். ஆனால் அவரிடம் வந்தவர்கள் வேறு ஆட்கள், அதனால் அவர் விற்றது வேறு பொருள். செல்வந்தர்களும் அறக்கட்டளைகளும் வங்கிகளும் அவரிடம் பணத்தை ஒப்படைத்தன. 45 நாட்களில் 50 விழுக்காடு என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். மேடாஃப் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு, சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஏறத்தாழ அதே அளவில், காட்டிக்கொண்டே வந்தார். அத்துடன், எல்லாரையும் சேர்த்துக்கொள்ளமாட்டார் என்ற பேச்சும் இருந்தது. தெரிந்தவர் சொல்லித்தான் உள்ளே நுழைய முடியும். அங்கே பணம் போட்டவர்கள் தங்களைப் பேராசைக்காரர்களாக நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. நாம் அளவோடு ஆசைப்படுகிறோம், நிதானமாக இருக்கிறோம், சூதாடவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். யாருக்கும் கிடைக்காத பாதுகாப்பு நமக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்று அவர்களில் மிகச் சிலரே கேட்டார்கள். 2008 டிசம்பரில் அவர் கைதானபோது கணக்குத் தாள்களில் மட்டும் இருந்த தொகை சுமார் 6,500 கோடி டாலர். 2009இல் அவருக்கு 150 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பொன்சியின் வாடிக்கையாளரைப் பேராசைக்காரர் என்றும் மேடாஃபின் வாடிக்கையாளரைப் பாதிக்கப்பட்டவர் என்றும் நாம் பிரித்துப் பேசுவதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். உடை கசங்கியிருந்தால் பேராசை, மடிப்புக் கலையாமல் இருந்தால் தவறான முதலீடு என்று சொல்வது எனக்குப் பொறுக்க முடியாத அநியாயமாகத் தெரிகிறது.

இதைவிடக் கடினமானது, எந்தத் தனி மனிதரையும் சுட்டிக்காட்ட முடியாத பேராசை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் வங்கியின் 8 சேவைகளையாவது பயன்படுத்த வேண்டும் என்பது இலக்காக இருந்தது. கிளைகளில் அமர்ந்திருந்த ஊழியர்களுக்கு அன்றாடக் கணக்கு உண்டு. எட்டாவிட்டால் கண்டிப்பு, வேலை போகும் பயம். வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குகளும் கடன் அட்டைகளும் திறக்கப்பட்டன. 2016இல் விவகாரம் வெளியே வந்தபோது சுமார் 20 லட்சம் கணக்குகள் அப்படித் திறக்கப்பட்டிருக்கலாம் என்று தெரிந்தது; சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள்; வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இந்தச் சங்கிலியில் பேராசை யாரிடம் இருந்தது? பொய்க் கணக்கைத் திறந்த ஊழியருக்கு அடுத்த மாதச் சம்பளம் வேண்டியிருந்தது. அவருக்கு மேலே இருந்தவர் தன் கிளையின் எண்ணிக்கையைக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கும் மேலே இருந்தவர் பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பங்குதாரரிலும் பலர், ஓய்வூதிய நிதி வழியாகத் தாங்கள் அந்த வங்கியில் பங்கு வைத்திருக்கிறோம் என்பதே தெரியாத சாதாரண மனிதர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிட்டிகைதான் இருந்தது. அந்தச் சிட்டிகையைப் பேராசை என்று சொல்ல நாக்கு வராது. எல்லாம் சேர்ந்து மலையானபோது அது யாருடையதாகவும் இல்லை.

நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இலக்கு, வளர்ச்சி, ஊக்கத்தொகை என்ற சொற்கள் புழங்கும் கூட்டங்களில் போதும் என்ற சொல்லை யாராவது உச்சரித்துக் கேட்டிருக்கிறீர்களா? சென்ற ஆண்டு நூறு விற்றவருக்கு இந்த ஆண்டு நூற்றிருபது இலக்கு. நூற்றிருபதை எட்டியதற்குப் பரிசு, அடுத்த ஆண்டு நூற்றைம்பது. தனிமனிதர் ஒருவர் இப்படி வாழ்ந்தால் அவருடைய நண்பர்களே அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். ஒரு நிறுவனம் இப்படி இருந்தால் அதை ஆரோக்கியம் என்கிறோம்.

பேராசை பெருநட்டம் என்ற பழமொழியை நான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். இப்போது அதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. யாருடைய பேராசை, யாருக்கு நட்டம் என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதியில் காட் மீனைச் சுமார் 500 ஆண்டுகளாக மக்கள் பிடித்து வந்தார்கள். 1950களிலிருந்து பல நாடுகளின் பெரும் ஆலைக் கப்பல்கள் வந்து, கப்பலிலேயே மீனைச் சுத்தம் செய்து உறைய வைத்து, இரவும் பகலும் அள்ளத் தொடங்கின. 1968இல் அந்த ஒரே ஆண்டில் சுமார் 8 லட்சம் டன் பிடிக்கப்பட்டது. பிறகு அயல்நாட்டுக் கப்பல்கள் வெளியேற்றப்பட்டன, உள்நாட்டுப் பெரும் கப்பல்கள் அந்த இடத்தை நிரப்பின. வலையில் விழும் மீன் சிறுத்துக்கொண்டே போகிறது என்று கரையோரச் சிறு மீனவர்கள் 1980களில் சொன்னார்கள், கேட்பார் இல்லை. 1992 ஜூலையில் காட் மீன்பிடிப்பே தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அதிகம் இழந்தவர்கள், எச்சரிக்கை சொன்ன அந்தக் கரையோரக் குடும்பங்கள்தான். நான் பிடிக்காவிட்டால் இன்னொருவர் பிடிப்பார் என்று அங்கே ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை என்பதுதான் என்னைக் கலங்கச் செய்கிறது.

நட்டமே அடையாமல் போன பேராசையும் உண்டு. பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்ட் 1876இல் பிரஸ்ஸல்ஸில் புவியியல் அறிஞர்களையும் பயணிகளையும் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார். ஆப்பிரிக்காவின் நடுப்பகுதிக்கு நாகரிகத்தைக் கொண்டு செல்வதும் அடிமை வணிகத்தை ஒழிப்பதும் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த நற்சொற்களின் பலத்தில் 1885இல் காங்கோ சுதந்திர நாடு என்ற பெயரில் ஒரு பெரும் நிலப்பரப்பு அவருடைய சொந்த உடைமையானது. ஒரு நாட்டின் குடியேற்றப் பகுதியாகக்கூட அல்ல, ஒரு தனி மனிதரின் சொத்தாக. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்ட காலம் அது. ஊர்களுக்கு ரப்பர் அளவு விதிக்கப்பட்டது; கொடுக்க முடியாத ஊர்களின் மீது படை ஏவப்பட்டது. செலவழித்த தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட வெட்டப்பட்ட மனிதக் கைகளைப் படைவீரர்கள் கூடையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 1908இல் பெல்ஜியம் அரசு அந்த நிலத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. லியோபோல்ட் 1909இல் செல்வராகவே இறந்தார். தன் வாழ்நாளில் ஒரு முறைகூட அவர் காங்கோவுக்குப் போனதில்லை.

போனதில்லை என்ற அந்தச் செய்தியில்தான் என் மனம் நிலைத்துவிடுகிறது. விருந்தில் தட்டை நிரப்பியவரின் பக்கத்தில் இன்னொருவர் காலித் தட்டோடு நிற்பது அவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும். வெட்கம் வருவதற்கு ஒரு வழி அங்கே திறந்திருக்கிறது. மன்னருக்கு அந்த வழி இல்லை. அவர் மேசைக்கு வந்தவை கணக்குத் தாள்கள் மட்டுமே. உயரத்தில் இருப்பவரின் பேராசைக்கும் தாழ்வில் இருப்பவரின் பேராசைக்கும் நடுவே நான் காணும் பெரிய வேறுபாடு இந்தத் தொலைவுதான். ஆசையின் அளவு இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் எளியவர் பறித்தால் பறிகொடுத்தவரின் முகத்தைப் பார்த்தபடி பறிக்கிறார், சுற்றியிருப்பவரும் பார்க்கிறார்கள், அதனால் அது அசிங்கமாகத் தெரிகிறது. வலியவருக்கும் பறிகொடுத்தவருக்கும் நடுவே ஒப்பந்தங்கள், அலுவலகங்கள், கடல்கள் எல்லாம் இருக்கின்றன.

பணமும் நிலமும் தொடர்பில்லாத பேராசைகளையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்களிடம் அதிகம் இருப்பவை அவைதான். பிறருடைய நேரத்தின் மீது பேராசை உள்ளவர்கள் இருக்கிறார்கள். தம் துயரத்தை மணிக்கணக்காகச் சொல்வார்கள், எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதையும் தம் கதைக்குத் திருப்பிவிடுவார்கள். கற்றறிந்தவர்களிடம் பாராட்டின் மீது ஒரு பசி உண்டு. மாணவர் எழுதியதில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர் அந்த மாணவருக்கு வழிகாட்டியதாகவே நம்புகிறார். தொண்டு செய்பவர்களிலும் சிலர் நன்றியை வட்டியோடு வசூலிக்கிறார்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் வலிப்பது பெற்றோரின் பேராசை. ஒரு பரிசளிப்பு விழா முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தபோது எனக்கு முன்னால் ஒரு சிறுவனும் அவன் அம்மாவும் நடந்துகொண்டிருந்தார்கள். எட்டு வயது இருக்கும். கையில் சான்றிதழைச் சுருட்டாமல், மடங்கிவிடக் கூடாதென்று இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். "அம்மா, ரெண்டாவது" என்றான். அவர் குனிந்து அதை வாங்கிப் பார்த்தார், முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, மிக மென்மையான குரலில், "முதல் பரிசு யாருக்கு கண்ணா?" என்று கேட்டார். சிறுவன் பெயரைச் சொன்னான். அதன் பிறகு அவன் சான்றிதழை ஒரே கையில் பிடித்துக்கொண்டான். வாகன நிறுத்துமிடம் வருவதற்குள் அது அவன் கையில் சுருண்டிருந்தது. அந்த அம்மா கொடுமைக்காரர் அல்லர். மகன் நன்றாக வர வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவரைப் பேராசைக்காரர் என்று யாராவது சொன்னால் துடித்துப் போவார், நியாயமும்கூட. ஆனாலும் அன்று அந்தப் பிள்ளையிடமிருந்து ஏதோ எடுக்கப்பட்டது, அதை எடுத்தது அவருடைய அன்புதான்.

பிறர் பேராசையை அதன் அளவை வைத்து எடைபோடுவதை இந்த ஒரு மாதத்தில் நான் கைவிட்டுவிட்டேன். எவ்வளவு வைத்திருக்கிறார் என்று கேட்பதால் பெரிதாக ஒன்றும் தெரிய வருவதில்லை. வைத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் எதிரே இருந்தவர் அவருக்குத் தெரிந்தாரா என்று கேட்டால் கொஞ்சம் தெரிகிறது. நூல் உருண்டைகளைச் சேர்த்த மூதாட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தை பட்டம் விடக் கயிறு கேட்டபோது எந்த நிறம் வேண்டும் என்று கேட்டு ஓர் உருண்டையை முழுதாகக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக் கடிகாரத்தைத் துடைத்து வைத்த அன்று இரவே அக்காவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். "அப்பாவோட கடிகாரம் உனக்குத்தான்க்கா, எடுத்துக்கோ" என்பதற்கு மேல் வரவில்லை. மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அக்கா, "இப்பவும் அரை மணிக்கு ரெண்டு தடவை அடிக்குதா? அப்பா எத்தனை தடவை திறந்து பார்த்தும் அது மட்டும் சரியாகவே இல்ல" என்றாள்.

அப்படி ஒரு பழுது அந்தக் கடிகாரத்தில் இருந்ததே எனக்குத் தெரியாது. அக்கா பதிலுக்குக் காத்திருந்தாள். பதினோரு ஆண்டுகளில் நான் அதற்கு ஒரு முறைகூடச் சாவி கொடுத்ததில்லை என்று அவளிடம் சொன்னேன்.